காலி நாற்காலியின் தாமதம்

அக்டோபர் 2

பல வருடங்களுக்கு முன் பதினோராம் வகுப்பில் மும்தாஜ் என்றொரு பெண் வெர்னியர் அளவியைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டாள்: "மிஸ், கருவி தப்பா காட்டுதா, நான் தப்பா பாக்கறேனா, எப்படி மிஸ் கண்டுபிடிக்கறது?" வகுப்பே சிரித்தது. எனக்கு அது நல்ல கேள்வி என்று பட்டது. "நடுவுல ஒண்ணுமே வெக்காம ரெண்டு தாடையையும் சேத்துப் பாரு. அப்பவும் சுழி காட்டலைன்னா கோளாறு கருவியில," என்றேன். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை சுழிப்பிழைப் பாடத்தை மும்தாஜின் கேள்வியிலிருந்துதான் தொடங்கினேன்.

இன்று அவள் நினைவுக்கு வரக் காரணம் ஒரு பழைய ஜாஸ் பாட்டு.

பெங்களூரிலிருந்து மகள் ஷைனி போனிலேயே வழி சொல்லி ஒரு செயலியை என் செல்லில் ஏற்ற வைத்தாள். பாட்டை உள்ளே போட்டால் குரல், டிரம்ஸ், பேஸ், கிட்டார் என்று தனித்தனியாகப் பிரித்துத் தருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. விரலால் இழுத்தால் ஏறும், இறங்கும். உப்பும் மணலும் கலந்ததைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இது கரைந்துபோன உப்பையும் சர்க்கரையையும் தனித்தனியே எடுத்துக் கொடுப்பது போல. சுத்தமாக வருவதில்லை. டிரம்ஸை மட்டும் கேட்டால் சிம்பல் தட்டு தண்ணீருக்கடியில் ஒலிக்கிறது. இருந்தாலும் பிரிகிறது!

கிட்டாரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் இறக்கினேன். ஒன்றுமே இல்லை. ரொம்ப நேரம் கழித்து "டிங்" என்று ஏதோ. மறுபடி அமைதி. செயலி சரியாகப் பிரிக்கவில்லையா, அந்த மனிதர் வாசித்ததே அவ்வளவுதானா? கண்டுபிடிக்க வேண்டும்.

அக்டோபர் 5

ஐரிஸ் வீட்டில் முதல் ஒத்திகை.

ஐரிஸும் நானும் போத்தனூரில் ஒரே தெருவில் இருபது வருடமாக இருக்கிறோம். ஆங்கிலோ இந்தியப் பெண், வயது எழுபத்திரண்டு. குரலுக்கு மட்டும் வயது தெரியவில்லை. டிசம்பர் 14-ஆம் தேதி அவளுடைய ஐம்பதாவது திருமண நாள். ரயில்வே இன்ஸ்டிடியூட் ஹாலில் சாயங்காலம் விருந்து, நடனம். கணவருக்காக அவளே பழைய ஜாஸ் பாட்டுகளைப் பாடப் போகிறாள். எப்போதும் அவளுக்கு வாசிப்பவர் தன் மகனோடு ஆஸ்திரேலியாவுக்கு, பெர்த்துக்குப் போய்விட்டார். "சர்ச்சுல நீ கிட்டார் வாசிக்கிறல்ல, வா," என்று என்னைப் பிடித்துக்கொண்டாள்.

பேஸ் கிட்டார் வாசிக்கக் குமரேசன். சுந்தராபுரத்தில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். சின்ன வயதில் மெல்லிசைக் குழுவில் ஊர் ஊராகப் போனவர்.

முதல் பாட்டு முடிந்ததும் ஐரிஸ் கண்ணாடியைக் கழற்றினாள்.

"ஹெப்சி, மை கேர்ள், நீ என் பாட்டு மேலயே ஏறி உக்காந்துக்கிட்ட."

"சத்தம் அதிகமா?"

"சத்தம் இல்லம்மா, ஆளு அதிகம். நாலு பேர் வாசிக்கிற மாதிரி இருக்கு."

குமரேசன் மெதுவாக, "டைமெல்லாம் கல்லு மாதிரி நிக்குதுங் டீச்சர். அதுல ஒரு கொறையும் இல்லீங். ஆனா அடிக்கம்பியையும் நீங்களே அடிச்சுட்டா நான் எதுக்குங்க? நான் கடைக்கே போயி காயில் கட்டறேன்," என்றார்.

சபையில் முந்நூறு பேர் பாடும்போது ஆறு கம்பியையும் அடித்துப் பழகிய கை. அங்கே எனக்கு மேல் ஆர்மோனியமும் டிரம்ஸும் கைத்தட்டலும் இருக்கும். இங்கே ஒரு குரல், ஒரு பேஸ். இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

அக்டோபர் 8

செயலி சரியாகத்தான் பிரித்திருக்கிறது. அவர் வாசித்ததே அவ்வளவுதான்.

கண்டுபிடித்த விதம்: பேஸையும் கிட்டாரையும் மட்டும் சேர்த்துக் கேட்டேன். பேஸ் எங்கே இருக்கிறதோ அங்கே கிட்டார் போவதே இல்லை. தடித்த அடிக்கம்பிகளைத் தொடாமல் நடுவில் இருக்கும் இரண்டு மூன்று கம்பிகளில் மட்டும் சுரங்களைச் சேர்த்தடிக்கும் ஒரு கார்டு. பிறகு குரலையும் சேர்த்தேன். பாடுகிற பெண் வாயைத் திறந்தால் கிட்டார் வாயை மூடிக்கொள்கிறது. அவள் மூச்சு வாங்கும் இடத்தில் மட்டும் ஒரு சொல். பிறகு சும்மா.

கரும்பலகையில் மாணவி கணக்குப் போடும்போது ஆசிரியை பக்கத்தில் நிற்கும் விதம் இது. தடுமாறினால் ஒரு சொல் எடுத்துக் கொடுக்கலாம். சாக்பீஸைப் பிடுங்கக் கூடாது. முப்பது வருடம் வகுப்பில் செய்ததைக் கிட்டாரில் செய்யத் தோன்றவே இல்லை எனக்கு.

இனி பயிற்சி இப்படி: கிட்டார் கோட்டைக் கீழே இறக்கிவிட்டு, அந்தக் காலியிடத்தில் நான் வாசிக்க வேண்டும்.

அக்டோபர் 10

காலை முழுவதும் ஒரே பாட்டு. மத்தியானமும். வீட்டுக்காரர் தூங்க முயன்று தோற்று எழுந்து வந்தார். ஆலையில் நெசவுப் பிரிவில் மேற்பார்வையாளராக இருந்தவர். நூறு தறி ஓடும் இடத்தில் தூங்குவாராம். "தறிச் சத்தத்துல தூக்கம் வரும் ஹெப்சி. ஒரே பொம்பள ஒரே வரியைப் பாடிக்கிட்டே இருந்தா வராது," என்றார்.

ஷைனியிடம் புகார் போயிருக்கிறது.

அக்டோபர் 14

ஷைனி வயரில்லாத ஹெட்போன் அனுப்பியிருக்கிறாள். இரண்டு காதையும் மூடிக்கொள்கிறது. வீட்டில் அமைதி. இவர் குறட்டை விடுவது எனக்குக் கேட்கவில்லை. இருவருக்கும் லாபம்.

அக்டோபர் 15

செயலியில் பதிவு செய்யும் வசதியும் இருக்கிறது. ஹெட்போனில் பாட்டு ஓடும். நான் வாசிப்பதைச் செல்லின் மைக் பதிவு செய்யும். பிறகு இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் காட்டும். மாணவிகளின் விடைத்தாளைத் திருத்துவது போல என்னையே திருத்தலாம் என்று ஆசையாகச் செய்தேன்.

பிந்துகிறேன். டிரம்ஸ் விழுந்த பிறகு என் கார்டு விழுகிறது. வாசிக்கும்போது சரியாகத்தான் இருந்தது.

புதுப் பழக்கம். நாளை பார்ப்போம்.

அக்டோபர் 16

பிந்துகிறேன்.

அக்டோபர் 18

வேகமான பாட்டிலும், மெதுவான பாட்டிலும். உட்கார்ந்தும், நின்றும். கையைச் சுடுநீரில் வைத்து எடுத்த பிறகும்.

கருவேப்பிலைச் செடிக்கு மண் அணைத்தேன். ரேஷன் கடைக்குப் போய்ப் பருப்பு வாங்கி வந்தேன்.

அக்டோபர் 20

ஞாயிறு ஆராதனை. பாட்டுக்கு எல்லோரும் கைதட்டும்போது நான் மற்றவர்கள் கையைப் பார்த்தபடி இருந்தேன். பாதி வரியில் தட்டுவதை நிறுத்திவிட்டேன்.

கூடப் பிறந்த ஜெயசீலன் அண்ணன் நினைவு. இதே மாதிரி ஒரு ஆராதனையில் எல்லோரும் தட்டி முடித்த பிறகு அண்ணன் மட்டும் "டப்" என்று தட்டினார். பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அடுத்த வருடம் டம்ளரில் தண்ணீர் தளும்பியது. அதற்கு அடுத்த வருடம் டாக்டர், பார்க்கின்சன் நோய் என்றார். அண்ணன் எழுதிய கடிதங்களில் எழுத்து போகப் போக எறும்பு மாதிரி சிறுத்துப்போனது.

அண்ணனுக்கு இந்த வாரம் போன் செய்யவில்லை. அவருக்கும் வேலை இருக்கும்.

அக்டோபர் 22

இன்றிலிருந்து எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக எழுதிப் பழகுகிறேன். கண்ணுக்கு நல்லது.

காபியை இடது கையால் குடித்தேன். காலையில் காபி போடுவது இவர் வேலை. டம்ளரில் அரைதான் இருந்தது. கேட்டால், "பால் கம்மியா வந்துச்சு," என்றார்.

அக்டோபர் 24

ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். பதிவில் பிந்துகிறது என்றால், அந்த அளவுக்கு முந்தி வாசிக்க வேண்டியதுதானே? ஹெட்போனில் அடி விழுவதற்கு முன்பே கையை இறக்கினேன். என் காதுக்கு அது அபத்தமாக இருக்கிறது. பதிவில் கச்சிதமாக உட்காருகிறது. காதை நம்பாதே, பதிவை நம்பு என்று சொல்லிக்கொண்டேன். கெட்ட பழக்கங்களைத் திருத்தும்போது முதலில் எல்லாமே தப்பாகத்தான் தோன்றும். கையெழுத்துப் பயிற்சியில் பிள்ளைகளுக்கு இதையே சொல்லியிருக்கிறேன்.

இன்றும் அரை டம்ளர்தான். பால்காரரை மாற்றச் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 26

ஒத்திகை. அடிக்கம்பியைத் தொடவில்லை. ஐரிஸ் பாடும் இடத்தில் சும்மா இருந்தேன். எல்லாம் சரியாகச் செய்தேன். ஆனால் குமரேசன் பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

"ஏனுங் டீச்சர், ரயிலுக்கு நேரமாயிப் போச்சுங்களா?"

"ஏன்?"

"நாங்க வர்றதுக்கு மொதல்லயே நீங்க போயி நிக்கறீங்க. கல்யாண ஊட்டுல பொண்ணு மாப்பிள்ளைக்கு மொதல்ல பந்தியில உக்காந்த மாதிரி."

ஐரிஸ் சிரித்தாள். நானும் சிரித்தேன். இரண்டாவது முறையும் முந்தினேன். மூன்றாவது முறை நடுவில் எங்கோ தடுமாறி நின்றேன்.

வீட்டில் பிந்துகிற கை, இங்கே முந்துகிறது. இனிமேல் அது என் பேச்சைக் கேட்காது போலிருக்கிறது.

திரும்பி வரும்போது தெருவில் கிட்டாரை இடது தோளில் மாட்டிக்கொண்டேன்.

அக்டோபர் 31

தீபாவளி. பக்கத்து வீட்டிலிருந்து தட்டு நிறைய பலகாரம். வெடிச் சத்தத்தில் பதிவு செய்ய முடியவில்லை. நல்லதாகப் போயிற்று.

நவம்பர் 4

நரம்பு மருத்துவரிடம் நேரம் கேட்டேன். 19-ஆம் தேதி. இவரிடம் அன்றைக்கு ஆசிரியர் சங்கக் கூட்டம் என்று சொல்லியிருக்கிறேன். சங்கம் கூட்டம் போட்டு வருடங்கள் ஆகின்றன. "போயிட்டு வா," என்று மட்டும் சொன்னார். பிறகு, "நான் வேணும்னா கொண்டுபோய் விடட்டுமா?" என்றார்.

"சங்கக் கூட்டத்துல உங்களுக்கென்ன வேலை?"

"அதானே," என்று எழுந்து போனார்.

நவம்பர் 9

ஒத்திகைக்கு அரை மணி முன்பே ஐரிஸ் வீட்டுக்குப் போனேன். அவள் சமையலறையில் மீனுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தாள்.

"ஐரிஸ், வேற யாரையாவது பாத்துக்கறியா? சிடி போட்டுக்கூடப் பாடலாம்ல? அந்தச் செயலியில கிட்டார் மட்டும் இல்லாம எல்லாமே வருது. நான் எடுத்துத் தர்றேன்."

அவள் கை நின்றது. "ஏன், என்ன?"

"எனக்கு டைம் நிக்க மாட்டேங்குது."

"அவ்ளோதானா? நிக்காட்டி என்ன, நான் இழுத்துக்கறேன்."

"இல்ல ஐரிஸ். அன்னிக்கு ஹால்ல எல்லாரும் இருக்கும்போது நடுவுல கை..."

அவள் மசாலா விரல்களைத் தூக்கிப் பிடித்தபடி என்னையே பார்த்தாள்.

"சிடி நான் மூச்சு வாங்கறதுக்கு நிக்குமா? எனக்கு எழுபத்திரண்டு வயசு மேன். எந்த வரியில மூச்சு போகும்னு எனக்கே தெரியாது. பாத்து நிக்கறதுக்கு ஒரு ஆளு வேணும். அது நீதான். இப்போ மீன் சாப்பிட்டுட்டுப் போ."

19-ஆம் தேதிக்குப் பிறகு சொல்கிறேன் என்றேன். ஏன் 19 என்று அவள் கேட்கவில்லை. இன்று வாசிக்காமலே ஒத்திகை முடிந்தது. குமரேசனும் மீன் சாப்பிட்டார்.

நவம்பர் 12

இதை நிதானமாக எழுத வேண்டும்.

காலையில் கடைசியாக ஒருமுறை பதிவு செய்து பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். பதிவுப் பொத்தானை அழுத்தினேன். பாட்டு தொடங்கும் நேரத்தில் வாசல் மணி அடித்தது. ஹெட்போனைக் கழற்றிச் செல்லின் பக்கத்திலேயே போட்டுவிட்டு ஓடினேன். கேஸ் சிலிண்டர். வந்தவர் சிலிண்டரை வாசலில் வைத்துவிட்டுப் போகப் பார்த்தார், சமையலறைவரை கொண்டுவந்து வையுங்கள் என்றேன், ஷூ கழற்ற வேண்டும் என்றார், கழற்றுங்கள் என்றேன். இந்த வழக்கு முடிந்து நான் திரும்பி வந்தபோது பாட்டு ஓடி முடிந்து, பதிவும் தானே நின்றிருந்தது.

அழிக்கும் முன், ஏனோ போட்டுக் கேட்டேன். பாட்டு ஓடியது. அதன் டிரம்ஸ் "டக்" என்றது. அதற்குப் பிறகு, கொஞ்சம் தள்ளி, மெலிதாக இன்னொரு "டக்".

டக், டக். டக், டக். பாட்டு முழுவதும்.

முதலில் செயலியின் கோளாறு என்று நினைத்தேன். பிறகு அந்த இரண்டாவது சத்தம் என்ன என்று புரிந்தது. மேசைமேல் கிடந்த ஹெட்போன் செல்லின் மைக்குக்குப் பக்கத்தில் பாடிக்கொண்டிருந்தது. மைக் அதைப் பதிந்திருக்கிறது. அந்த இரண்டு டக்குக்கும் நடுவில் இருந்த இடைவெளி எனக்குத் தெரிந்த இடைவெளி. ஒரு மாதமாக என் கார்டு விழுந்த அதே இடம்.

நான் வாசலில் சிலிண்டரோடு இருந்தேன். இந்த நாற்காலியில் யாரும் இல்லை. ஆளில்லாத நாற்காலியும் பிந்தித்தான் வாசித்திருக்கிறது.

நாற்காலியில் உட்கார்ந்தேன். எழுந்து வாசல் கதவைப் பூட்டினேனா என்று பார்த்தேன். திரும்ப வந்து உட்கார்ந்தேன்.

நடுவில் ஒன்றுமே வைக்காமல் இரண்டு தாடையையும் சேர்த்துப் பார். மும்தாஜ், மும்தாஜ்!

மறுபடி செய்தேன், இந்த முறை வேண்டுமென்றே. ஹெட்போனை மேசையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். டக், டக். வேறு பாட்டு. டக், டக். ஹெட்போனை அணைத்துவிட்டுச் செல்லின் ஒலிபெருக்கியிலேயே பாட்டை விட்டேன். ஒரே ஒரு டக். அதோடு சேர்ந்து கிட்டாரை எடுத்து, முந்தவும் வேண்டாம் பிந்தவும் வேண்டாம், காதுக்குப் பட்டபடி என்று வாசித்தேன். கேட்டேன். டிரம்ஸும் நானும் ஒரே கதவில் ஒன்றாக நுழைகிறோம்.

நடந்தது இதுதான். செல்லிலிருந்து கிளம்பும் பாட்டு வயரில்லாமல் ஹெட்போனுக்குப் போய்ச் சேரச் சிறிது நேரம் ஆகிறது. நான் தாமதமாக வந்த அடியோடு சரியாகச் சேர்ந்து வாசித்தேன். செல்லோ பாட்டைக் கிளம்பிய நேரத்தில் வைத்து, என்னை வந்த நேரத்தில் வைத்துக் காட்டியது. மின்னல் வெட்டும்போது நான் மலைக்கு அப்பால் இருக்கிறேன். இடி கேட்டதும் கைதட்டுகிறேன். மின்னலைப் பார்த்துக்கொண்டிருப்பவர் எனக்குக் கை மெதுவாகிவிட்டது என்கிறார்.

இன்னொன்றும் எனக்கு உறைத்தது. ஒரு மாதமும் தாமதம் ஒரே அளவாகவே இருந்தது. வேகமான பாட்டிலும் மெதுவான பாட்டிலும், சோர்ந்தபோதும் சோராதபோதும். நோய் இப்படி ஒழுங்காக இருக்காது. ஒரு பக்கமாக, ஒரே அளவாக விலகினால் முதலில் கருவியைச் சந்தேகி என்று எத்தனை வகுப்பில் சொல்லியிருப்பேன்! என் கையைத்தான் சந்தேகித்தேன். அந்தக் கை பாவம், சரியாகத்தான் வாசித்துக்கொண்டிருந்தது; நான் அதற்கு முந்தச் சொல்லிக் கொடுத்துக் குமரேசனிடம் திட்டு வாங்க வைத்தேன்.

இவரைக் கூப்பிட்டேன். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் கிளிப்போடு வந்தார்.

"இதைக் கேளுங்க. ரெண்டு சத்தம் கேக்குதா?"

"கேக்குது."

"ரெண்டாவது யாரு வாசிச்சது?"

"நீதான்."

"நான் இல்லீங்க! நான் அப்ப கேஸ்காரரோட சண்டை போட்டுக்கிட்டு இருந்தேன்."

அவருக்கு முதலில் புரியவில்லை. அளவியில் தொடங்கி மின்னல் வரை எல்லா உதாரணமும் சொன்னேன். அண்ணனைப் பற்றியும் சொன்னேன். 19-ஆம் தேதி எங்கே போகிறேன் என்பதையும்.

அவர் சமையலறைக்குப் போனார். பாத்திரம் உருளும் சத்தம். காபியோடு வந்தார். டம்ளர் நிறைய, விளிம்புவரை. ஒரு சொட்டு சிந்தினாலும் சுடும்.

"இன்னிக்கு மட்டும் பால் நெறைய வந்துச்சா?" என்றேன்.

"எப்பவும் நெறையத்தான் வந்துச்சு," என்றார். கிளிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். "நீ இடது கைக்கு மாறின அன்னிக்கே பாத்தேன். தளும்பினா நீ பயந்துருவேன்னுதான் அரைக்கு மேல ஊத்தல."

வலது கையால் எடுத்துக் குடித்தேன். சிந்தவில்லை.

நவம்பர் 13

அண்ணனுக்குப் போன் செய்தேன். குன்னூரில் நல்ல மழையாம்.

"இப்பத்தான் உனக்கு அண்ணன் ஞாபகம் வந்துச்சா? உன் ஊட்டுக்காரரு என்னடான்னா பத்து நாளா எனக்குப் போன் மேல போன். 'மச்சான், உங்களுக்கு மொதல்ல என்ன ஆச்சு, கையா, நடையா, எழுத்தா'ன்னு. என்னைப் பத்திப் புஸ்தகம் எழுதப் போறாரோன்னு நெனச்சேன்."

விஷயத்தைச் சொன்னேன். அண்ணன் ரொம்ப நேரம் சிரித்தார்.

"எனக்கும் அந்த ஹெட்போனை அனுப்பு ஹெப்சி. கழட்டினா எனக்கும் சரியாயிருமான்னு பாப்போம்."

என்னால் சிரிக்கவும் முடியவில்லை, சிரிக்காமல் இருக்கவும் முடியவில்லை. அண்ணனே சொன்னார்: "நீ சிரி. உனக்கு இல்லைன்னு ஆனதுல எனக்குப் பாதி கொணமான மாதிரி இருக்கு." பிறகு, "ஆனாலும் அந்த டாக்டரைப் பாத்துரு. பாத்தா ஒண்ணும் கொறையாது," என்றார்.

அவர் சொல்வது சரி. ஒரு கருவியின் பிழை தெரிந்துவிட்டது என்பதால் அளக்க வேண்டியது அளந்தாயிற்று என்று ஆகாது.

நவம்பர் 16

ஒத்திகை. ஹெட்போன் கதையைச் சொன்னதும் குமரேசன், "அப்ப அன்னைக்கு ரயிலுக்கு ஓடினது நீங்க இல்லீங்களா?" என்றார்.

"ஓடினது நான்தான். ஓடச் சொன்னது அது."

முந்தும் பழக்கம் இன்னும் முழுவதும் போகவில்லை. இரண்டு பாட்டில் நன்றாக வந்தது. ஐரிஸ் வெறுமனே, "19 முடியட்டும்," என்றாள். அன்றைக்கு என்ன என்று அவளுக்கு யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. தெருவில் ஒரு வீட்டில் ஆண்கள் துணி காயப்போடப் போனால் எதிர் மாடியோடு பேச்சு நடக்காமலா இருக்கும்?

நவம்பர் 19

இவரும் வந்தார். ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு இரண்டு பேர்.

டாக்டர் ஷைனி வயதுப் பெண். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வேகமாகத் தட்டச் சொன்னார். நடக்கவிட்டார். முழங்கையைப் பிடித்து மடக்கி நீட்டினார். தாளில் சுருள் வரையச் சொன்னார், ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார்.

"எழுத்து ரொம்பப் பெருசா இருக்கே?"

"போன மாசத்துலேர்ந்து பழகறேன்மா."

"கையில எந்தக் கோளாறும் இல்லம்மா. வயசுக்கு நல்லாவே இருக்கு. உங்களுக்கு யாரு சந்தேகம் கெளப்பினது?"

"ஹெட்போன்," என்றேன்.

அவரிடமும் மின்னல் உதாரணம் சொல்ல ஆரம்பித்தேன். வெளியே ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று இவர் என் தோளைத் தொட்டார்.

உக்கடத்தில் இறங்கி இருவரும் பரோட்டா சாப்பிட்டோம். இவர் எனக்கு இன்னொன்று வைக்கச் சொன்னார்.

நவம்பர் 23

எழுத்தைப் பழையபடி சின்னதாக எழுதுகிறேன். தாள் மிச்சம்.

டிசம்பர் 7

கடைசி ஒத்திகை. எல்லாப் பாட்டும் ஒருமுறை. ஹெட்போன் இப்போது இவரிடம் இருக்கிறது. கிரிக்கெட் பார்க்கிறார். அங்கே பந்து அடித்த பிறகு சத்தம் கேட்கிறதா என்று கேட்டேன். "கேட்டா என்ன, ரன்னு மாறப் போகுதா?" என்றார்.

டிசம்பர் 15

நேற்று நடந்ததைக் காலையிலேயே எழுதிவிட வேண்டும்.

ஹால் நிறையப் பேர். சீலிங்கில் வண்ணக் காகிதம். ஐரிஸ் நீலநிற கவுனில் இருந்தாள். அவள் கணவர் முதல் வரிசையில், கைத்தடியை முழங்காலில் சாய்த்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டிரம்ஸ் இல்லை. ஐரிஸ், குமரேசன், நான்.

முதல் மூன்று பாட்டில் அங்கங்கே சின்னச் சின்னத் தவறுகள். நடனமாடுகிறவர்களுக்கு அது எங்கே தெரியப் போகிறது? நாலாவது, நான் செயலியில் பிரித்துக் கேட்ட அந்த மெதுவான பாட்டு. ஐரிஸ் அதைக் கணவரைப் பார்த்தபடி பாடினாள். கடைசி வரிக்கு முன் அவள் மூச்சு போயிற்று. வாய் திறந்திருக்கிறது, குரல் வரவில்லை. மூச்சு மட்டும் காரணமில்லை, கண் நிறைந்திருந்தது.

பதிவில் பாடும் பெண் அந்த இடத்தில் நிற்பதில்லை. அந்தக் கிட்டார்க்காரருக்கு அங்கே வேலையும் இல்லை. நான் அடுத்த கார்டுக்குப் போகாமல், பிடித்திருந்ததையே மெதுவாக இன்னொருமுறை தொட்டேன். குமரேசன் என்னைப் பார்த்தார். நான் தலையை லேசாக ஆட்டினேன். அவரும் அங்கேயே நின்றார். ஹாலில் ஜோடிகள் நின்ற இடத்திலேயே அசைந்தார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் ஐரிஸின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தேன். தோள் ஏறியது. மூச்சு வந்துவிட்டது. அவள் வாயைத் திறக்கவும் நாங்கள் மூவரும் ஒன்றாகக் கடைசி வரிக்குள் போனோம்.

கைத்தட்டலில் ஐரிஸ் குனிந்து என் காதில், "சிடி நின்னிருக்குமா?" என்றாள்.

குமரேசன் பேஸை உறையில் போட்டுக்கொண்டே, "இன்னைக்கு எனக்கு எடம் இருந்துச்சுங் டீச்சர்," என்றார்.

வீட்டுக்கு வந்ததும் இவர் காபி போடட்டுமா என்றார். இவ்வளவு நேரம் கழித்தா என்றேன். போட்டார். நிறைய.

ஷைனிக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்ப வேண்டும். என்னைப் போல ஹெட்போன் மாட்டிக்கொண்டு பயிற்சி செய்யும் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் சேர்த்து ஒன்று சொல்கிறேன். பதிவில் பிந்துகிறீர்கள் என்று தெரிந்தால், உங்கள் கையைத் திட்டுவதற்கு முன் ஹெட்போனைக் கழற்றிச் செல்லின் மைக்குக்குப் பக்கத்தில் வையுங்கள். பாட்டை ஓடவிட்டு, பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு, எதையும் வாசிக்காமல் அடுத்த அறைக்குப் போய்விட்டு வந்து, போட்டுக் கேளுங்கள்.